குடியிருப்பு வேறு, நோய் வேறு: குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கடந்துவந்த பாதை

நீண்ட பதிவு இது. கர்ப்பிணிகளும் அவர்தம் குடும்பத்தாரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு, அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஆய்வக அறிக்கை ஒன்றின் படம் வந்தது. அவள் அப்போது புணேயில் முப்பத்தாறு வாரக் கர்ப்பிணி. நான் ஐதராபாத்தில் விடுதி அறையில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அறிக்கையில் ஒரே ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே வளர்ச்சி காணப்பட்டது.' அதன் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "நீதான் ஆராய்ச்சி பண்றவளாச்சே, பாத்துச் சொல்லுடி. இது என்ன வியாதி? எனக்கு எப்படி வந்துச்சு?"

மருத்துவமனையில் அவளுக்குச் சொல்லப்பட்டது ஒரே சொல்: 'இன்ஃபெக்‌ஷன்'. ஏழு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அச்சொல் தன் வேலையைத் தொடங்கிற்று. அத்தை, அதாவது அக்காவின் மாமியார், அவளுடைய துண்டையும் சோப்பையும் தனியே எடுத்து வைத்தார். அத்தான் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. கர்ப்பிணியின் அந்தரங்க உறுப்பிலிருந்து எடுத்த மாதிரியில் 'தொற்று' என்று வந்தால், நம் வீடுகளில் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் மருத்துவம் பயின்றவள் அல்லேன், மொழியியல் மாணவி. ஆயினும் அந்த இரவு தொடங்கிய தேடலில் எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே பகிர விரும்புகிறேன். ஒரு கிருமி உடலில் குடியிருப்பதும், அதே கிருமியால் நோயுறுவதும் வெவ்வேறு நிலைகள். இந்த வேறுபாட்டை உணர்ந்து, அதற்கேற்ற சிகிச்சை நேரத்தைக் கண்டறிய மருத்துவ அறிவியலுக்கு ஐம்பதாண்டுகள் பிடித்தன. அந்த ஐம்பதாண்டு அறிவு அக்காவின் கைக்கு வந்தபோது ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிப் பிழைபட்டு நின்றது.

*

1. பெயரில் ஒரு பசு

பெயரைப் பிரித்துப் பார்ப்பது என் தொழிற்பழக்கம்; ஆகவே அங்கிருந்தே தொடங்கினேன். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் சொல்லை 1874இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் வியன்னாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். கிரேக்கத்தில் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் முறுக்கியது. 'கோக்கோஸ்' என்றால் தானியமணி அல்லது சிறுகனி. நுண்ணோக்கியின் கீழே இக்கிருமிகள் கோத்த மணிகளைப் போல வளைந்து கிடப்பதால் வந்த பெயர்.

'அகலாக்டியே' என்னும் பின்பாதி இன்னும் சுவையானது. 'அ' என்பது இன்மை. 'கலா' என்பது பால். விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் 'கேலக்ஸி' என்னும் சொல்லுக்கும் அதுவே வேர். நாமும் 'பால்வெளி' என்றே சொல்கிறோம். எனவே 'அகலாக்டியே' என்றால் 'பாலின்மைக்குரியது'. 1887இல் பிரான்சின் கால்நடை மருத்துவர் எட்மோன் நோக்கார், மொல்லெரோ என்பவருடன் சேர்ந்து, மடிநோய் கண்ட பசுக்களின் பாலில் இக்கிருமியைக் கண்டார். மடி வீங்கிப் பால் வற்றிப்போகும் நோய் அது. மனிதச் சிசுவுக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் அன்று இல்லை. அக்காவின் அறிக்கையில் இருந்தது, நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பிரெஞ்சு மாட்டுத்தொழுவத்தின் நினைவு.

2. பிரசவ சன்னி

இக்கிருமி மனிதர்களின் கதைக்குள் நுழைந்தது அதன் உறவினன் ஒருவனின் வழியாக. ஆகவே அவனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

பிரசவமான சில நாள்களில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் கண்டு, அடிவயிறு நொந்து, பிதற்றி இறந்துபோவதை நம் முன்னோர் 'பிரசவ சன்னி' என்றனர். 'சன்னிபாதம்' என்னும் வடசொல்லின் குறுக்கம் அது. வாத பித்த கபம் மூன்றும் ஒருங்கே கூடிக் கெடுவது என்பது பொருள். ஐரோப்பாவிலும் விளக்கம் இதைவிட மேம்பட்டதாக இல்லை. கெட்ட காற்று என்றனர். தாய்ப்பால் வழிதவறி வயிற்றில் தேங்கியது என்றனர்.

1795இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன், இந்நோயை ஒரு பெண்ணிடமிருந்து மற்றொருத்திக்குக் கொண்டுசெல்வோர் மருத்துவச்சிகளும் மருத்துவர்களுமே, தாமும் அதில் அடக்கம், என்று எழுதினார். 1843இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதையே சொன்னார். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் அதை எண்களால் காட்டினார். அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு. பிணக்கூறு செய்துவிட்டு நேரே வந்த மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அதில் பாதிக்கும் குறைவு. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்ததும் முதற்பிரிவின் சாவும் குறைந்தது. 1879இல் லூயி பாஸ்டர், பாரிஸ் மருத்துவக் கழகக் கூட்டத்தில் இந்நோய்க்குக் காரணமான மணிச்சரத்தைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார்.

ஆகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளியிலிருந்து வரும் எதிரி, கையில் ஏறி வருகிறது, கண்டால் கொல்ல வேண்டும். பிரசவ சன்னியைப் பொறுத்தவரை சரியான பாடம். ஆனால் மணிச்சரங்கள் எல்லாம் ஒரே கிருமி அல்ல என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

3. எழுத்துகளால் பிரித்தவர்

அதைத் தெளிவாக்கியவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் (1895–1981). நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கே செலவிட்ட பெண் விஞ்ஞானி. அவருடைய முறை எளியது. கிருமிகளை அமிலத்தில் கொதிக்க வைத்து அவற்றின் மேலுறையிலுள்ள மாச்சத்துப் பொருளைப் பிரித்தெடுப்பார். வெவ்வேறு கிருமிவகைகளுக்கு எதிராக முயல்களிடம் உருவாக்கிய நிணநீரோடு அதைச் சேர்ப்பார். எந்த நிணநீரோடு சேரும்போது குழாயில் வெண்படிவு தோன்றுகிறதோ, அந்த இனம் என்று கொள்வார்.

1933இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், மனிதர், விலங்குகள், பால், பாலாடைக்கட்டி ஆகியவற்றிலிருந்து பெற்ற 106 வகைமாதிரிகள் ஐந்து தொகுதிகளாகப் பிரிந்தன. ஏ என்பது பெரும்பாலும் மனித நோய்களிலிருந்து வந்தது. பி பெரும்பாலும் பசுக்களிடமிருந்து. நோக்கார் கண்ட மடிநோய்க் கிருமிதான் 'குரூப் பி' ஆனது. இவ்வெழுத்து நோயின் கடுமையைக் குறிப்பதன்று. இரத்தவகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அட்டவணையில் இரண்டாவதாக நின்றது என்பதற்குமேல் அதற்குப் பொருள் கிடையாது. ('பி பிளட் குரூப்காரங்களுக்கு மட்டும் வருமா?' என்று அத்தை கேட்டார், நியாயமான கேள்விதான்.)

1935இல் லான்ஸ்ஃபீல்ட், லண்டன் குயின் ஷார்லட் மகப்பேறு மருத்துவமனையைச் சேர்ந்த ரொனால்ட் ஹேருடன் இணைந்து, பிரசவித்த பெண்களிடமிருந்து எடுத்த கிருமிகளை இம்முறையில் பிரித்துப் பார்த்தார். கடுமையான பிரசவ சன்னி கண்டவர்களிடம் இருந்தது ஏறக்குறைய முழுவதும் குரூப் ஏ. பி முதலிய ஏனைய தொகுதிகள், காய்ச்சல் ஏதுமின்றி நலமாக இருந்த தாய்மாரிடம் காணப்பட்டன.

மருத்துவம் 'குடியிருப்பு' என்னும் கருத்தைக் கண்ணால் கண்ட தருணங்களுள் இது முதன்மையானது என்பேன். கிருமி இருக்கிறது, நோய் இல்லை. அந்தப் பெண்கள் எதையும் 'பிடித்துக்கொண்டு' வந்தவர்கள் அல்லர். குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களுள் ஒன்று அருகிலுள்ள பிறப்புப் பாதையிலும் தங்கியிருந்தது, அவ்வளவே.

இக்கண்டுபிடிப்புக்கு ஒரு நிழலும் உண்டு. 'பி தீங்கற்றது' என்னும் எண்ணம் பரவியது. 1938இல் ஃபிரை என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், குரூப் பி கிருமியால் பிரசவத்தின்பின் இறந்த மூன்று பெண்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். விதிவிலக்குகள் என்று கருதி மருத்துவ உலகம் நகர்ந்துவிட்டது. சல்ஃபா மருந்துகளும் பின்னர் பெனிசிலினும் வந்து பிரசவ சன்னியை அடக்கின. தாய்மார் பிழைத்தனர். பி தொகுதியை ஏறத்தாழ எல்லோரும் மறந்தனர்.

4. தொட்டிலில் தோன்றிய கேள்வி

அது மீண்டும் வந்தபோது தாயிடம் வரவில்லை, சேயிடம் வந்தது. 1961இல் நியூ ஆர்லியன்சிலிருந்தும் 1964இல் பாஸ்டனிலிருந்தும் வெளியான கட்டுரைகள், பிறந்து சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி, நீலம் பாரித்து, இரத்தத்தில் குரூப் பி கிருமியோடு இறந்த சிசுக்களைப் பற்றிப் பேசின. 1970களில் அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்றுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அது உயர்ந்தது. அக்காலத்து ஆய்வுகள் சிலவற்றில் நோயுற்ற சிசுக்களில் பாதிப்பேர்வரை பிழைக்கவில்லை.

1973இல் ஹூஸ்டனில் கேரல் பேக்கரும் ஃபிரெட் பேரட்டும், டென்வரில் ஃபிரான்சியோசியும் அவர் குழுவினரும், தனித்தனியே ஆய்ந்து நோய்க்கு இரு முகங்கள் இருப்பதைக் காட்டினர். பிறந்த முதல் வாரத்துக்குள், பெரும்பாலும் முதல் நாளிலேயே, தோன்றுவது ஒன்று; பிரசவத்துக்குச் சற்று முன்போ பிரசவத்தின்போதோ தாயின் பிறப்புப் பாதையிலிருந்து சேர்வது. ஒரு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தோன்றுவது மற்றொன்று. பெரும்பாலும் மூளையுறை அழற்சியாக வெளிப்படுவது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அக்காவை ஆற்றுவிக்க எனக்குப் பயன்பட்ட கணக்கு இதுதான். இக்கிருமி குடியிருக்கும் தாய்மார் நூறு பேரை எடுத்துக்கொள்வோம். மருந்து ஏதும் தராவிட்டால், அவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ ஐம்பது பேரின் உடலிலும் கிருமி குடியேறும். அந்த ஐம்பதில் நோயுறுவது ஒருவர் அல்லது இருவர். மற்றவர்களுக்கு ஒன்றும் நேராது.

அந்த ஒருவர் ஏன்? 1976இல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் விடையின் ஒரு பகுதியைக் கண்டனர். நோயுற்ற குழந்தைகளின் தாய்மார் இரத்தத்தில், கிருமியின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகக் குறைவாக இருந்தது. தாய் தன் எதிர்ப்பாற்றலைத் தொப்புள்கொடி வழியே போதிய அளவு அனுப்பியிருந்தால் குழந்தை காக்கப்படுகிறது. குறைமாதத்தில் பிறக்கும் சிசுவுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதன் ஒரு காரணமும் இதுவே. எதிர்ப்பொருள் பெருமளவில் வந்துசேர்வது கடைசி வாரங்களில்தான். தடுப்பூசி பற்றிய சிந்தனை இக்கண்டுபிடிப்பிலிருந்தே வலுப்பெற்றது.

5. சரியான நேரத்தைத் தேடி

இனி வருவதுதான் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. பெனிசிலின் கையில் இருந்தது. கிருமியும் பெனிசிலினுக்கு எளிதில் மடிந்தது. ஆயினும் பத்தாண்டுகள் தடுமாறினர். காரணம், எந்த மருந்து என்பதன்று. எப்போது தருவது என்பதே.

முதல் முயற்சி கர்ப்ப காலத்திலேயே மாத்திரை தருவது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில் கர்ப்பிணியோடு கணவருக்கும் சேர்த்தே பெனிசிலின் தந்து பார்த்தனர். கிருமியை நிலையாக அகற்ற முடியவில்லை. மருந்து நின்றதும் பலரிடம் பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அதன் இருப்பிடம் குடல். அங்கிருந்து அதை வேரோடு பெயர்க்க ஒரு வார மாத்திரை போதாது.

இரண்டாம் முயற்சி, பிறந்தவுடன் குழந்தைக்கு ஊசி போடுவது. 1980இல் டெக்சாஸில் 18,738 சிசுக்களைக் கொண்டு இது சோதிக்கப்பட்டது. குரூப் பி நோய் குறைந்தது. ஆனால் பெனிசிலினுக்கு அடங்காத பிற கிருமிகளைப் பற்றிய கவலை எழுந்தது. அன்றியும், நோயுறும் சிசுக்களில் பலர் பிறக்கும்போதே நோயோடு பிறந்தனர். அவர்களுக்கு அந்த ஊசி காலங்கடந்தது.

கர்ப்பத்தில் தந்தால் மிக முந்தி. பிறந்தபின் தந்தால் மிகப் பிந்தி. எஞ்சியது நடுவிலுள்ள சில மணி நேரம்: இடுப்புவலி தொடங்கியதிலிருந்து குழந்தை வெளிவரும்வரை. அந்நேரத்தில் தாயின் நாளத்தில் ஏற்றும் மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தையின் இரத்தத்துக்கும் பனிக்குட நீருக்கும் சென்று சேர்கிறது. பிறப்புப் பாதையில் கிருமியின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. கிருமியை ஒழிக்க வேண்டியதில்லை. குழந்தை கடந்துபோகும் அச்சில மணி நேரத்துக்கு அடக்கி வைத்தால் போதும்.

சிகாகோவில் கென்னத் பாயரும் சாமுவேல் காட்டாஃபும் 1986இல் இதை நிறுவினர். கிருமி குடியிருந்து, ஆபத்துக் காரணியும் கொண்ட தாய்மாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிரசவ வலியின்போது ஆம்பிசிலின் தந்தனர். மருந்து பெற்ற தாய்மாரின் 85 குழந்தைகளில் ஒருவருக்கும் இரத்தத் தொற்று ஏற்படவில்லை. மருந்து பெறாத தாய்மாரின் 79 குழந்தைகளில் ஐவருக்கு ஏற்பட்டது. இன்றைய நடைமுறை முழுவதும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததே.

லான்ஸ்ஃபீல்டும் ஹேரும் எழுதிய 1935இலிருந்து இந்த 1986 வரை எண்ணினால் ஐம்பத்தோராண்டு. நான் தொடக்கத்தில் சொன்ன ஐம்பதாண்டு இதுதான்.

6. ஒரே சான்று, இரண்டு முடிவுகள்

சான்று கிடைத்ததும் நடைமுறை தானாக வந்துவிடவில்லை. குழந்தைகளை இழந்த பெற்றோர் அமெரிக்காவில் 1990இலும் பிரிட்டனில் 1996இலும் அமைப்புகளைத் தொடங்கினர். அவர்களின் குரலுக்கு இவ்வரலாற்றில் பெரும்பங்கு உண்டு. 1996இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இரு வழிகளில் எதையும் பின்பற்றலாம் என்றது: கர்ப்பத்தின் இறுதியில் எல்லோரையும் பரிசோதிப்பது; அல்லது குறைமாதப் பிரசவம், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடத்தல், பிரசவத்தின்போது காய்ச்சல் போன்ற ஆபத்துக் குறிகள் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து தருவது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு 2002இல் வெளியாகி, எல்லோரையும் பரிசோதிக்கும் வழி மற்றதைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் காக்கிறது என்று காட்டியது. அன்றுமுதல் அமெரிக்காவில் அதுவே விதி. 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1.8 ஆக இருந்த முதல்வார நோய், பின்னர் 0.25க்கும் கீழே இறங்கியது.

பிரிட்டன் அதே சான்றுகளைப் படித்து வேறு முடிவுக்கு வந்தது. முப்பத்தைந்தாம் வாரத்தில் கிருமி இருந்தவளிடம் பிரசவத்தின்போது இல்லாமல் போகலாம், இல்லாதவளிடம் வரலாம். ஒரு குழந்தையைக் காக்கப் பல நூறு தாய்மார்க்கு மருந்து ஏற்ற வேண்டும்; மருந்தெதிர்ப்பும், பச்சிளங்குழந்தையின் குடல் நுண்ணுயிர்களில் ஏற்படும் மாற்றமும் என்னாகும்? ஆகவே ஆபத்துக் குறிகளின் அடிப்படையில் மட்டுமே மருந்து என்பது அங்கே நிலைத்தது. இவ்வினாவுக்கு விடை காணவே அங்கே பெரியதோர் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. பிரசவநேர மருந்து, ஒரு வாரத்துக்குப் பின் வரும் இரண்டாம் வகை நோயைத் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வழி தடுப்பூசி மட்டுமே. அது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டிப் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

7. நம் நாட்டில்

இந்தியாவில் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் ஏதும் இல்லை. அதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தன் பத்தாண்டு அனுபவத்தை 1999இல் வெளியிட்டது. ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 0.17 என்பது அவர்கள் கண்ட விகிதம். அக்கால அமெரிக்க விகிதத்தின் சிறு பகுதி. அதே மருத்துவமனையின் பிற்கால ஆய்வு இதைவிடக் கூடுதலான விகிதத்தைக் கண்டது. 2016இல் வெளியான தில்லி ஆய்வொன்று, மூன்று பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைகளிடம் அசினடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவையே ஆட்சி செய்வதைக் காட்டியது. அவற்றுள் பல, மருந்துக்கு அடங்காதவை. குரூப் பி அங்கே சிறுபான்மை. நம் மருத்துவர்களின் அச்சம் வேறு கிருமிகளின்மேல் குவிந்திருப்பது காரணமற்றதன்று.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, இக்கிருமி குடியிருக்கும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கையில் இந்தியாவே முதலிடம் என்றது: ஏறத்தாழ 25 லட்சம் பேர். அதே மதிப்பீட்டின்படி அவ்வாண்டு உலகெங்கும் ஏறத்தாழ 90,000 கைக்குழந்தைகள் இந்நோயால் இறந்தனர்; 57,000 குழந்தைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்தனர். நம் நாட்டில் எண்ணிக்கை உண்மையிலேயே குறைவா, அல்லது எண்ணப்படாமல் போகிறதா என்பது நேர்மையான கேள்வி. இந்நோய் பெரும்பாலும் பிறந்த முதல் நாளிலேயே தாக்குவது. இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வசதியுள்ள இடத்தை அடையுமுன் இறந்த குழந்தை எந்த அட்டவணையிலும் ஏறாது. தாயிடம் எடுக்கும் மாதிரியிலும் பிற கிருமிகளை அடக்கி இதை மட்டும் வளர்க்கும் தனிக் கரைசலைப் பயன்படுத்தாவிட்டால், இருப்பதும் இல்லையென்றே வரும்.

8. சொல் செய்த வேலை

இனி அக்காவிடம் திரும்புகிறேன்.

தமிழில் 'தொற்று' என்னும் சொல் 'பற்றிக்கொள்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து வருவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது என்னும் குற்றச்சாட்டை அது தன்னுள்ளேயே சுமக்கிறது. 'கிருமி'யோ வடமொழியில் புழுவைக் குறித்த சொல்; அருவருப்பு அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நோய் இல்லாமல் நுண்ணுயிர் உடலில் தங்கியிருக்கும் நிலைக்கு, மருத்துவமனைக் கவுண்டரில் புழங்கக்கூடிய எளிய சொல் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. 'குடியேற்றம்' என்று பாடநூல்களில் எழுதலாம். ஒரு செவிலியர் அதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வெற்றிடத்தில் 'இன்ஃபெக்‌ஷன்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் விளைவு இரண்டு. வீட்டில் அவமானம்; மருத்துவமனையில் தவறான நேரத்து மாத்திரை. நோய் என்றால் உடனே மருந்து தரத்தானே தோன்றும்? 1979இலேயே பயனில்லை என்று கண்ட வழி, 'தொற்று' என்னும் ஒரு சொல்லின் முதுகில் ஏறி என் அக்காவின் மருந்துச்சீட்டுக்கு வந்துசேர்ந்தது. பிரசவத்தின்போது மருந்து ஏற்ற வேண்டும் என்னும் குறிப்போ அவளுடைய கோப்பில் எங்கும் இல்லை.

அன்றிரவு அவளிடம் தொலைபேசியில் இவ்வளவையும் சொல்லவில்லை. "இது வியாதி இல்லக்கா. குடல்ல இருக்கிறது, பக்கத்துல வந்து தங்கியிருக்கு. நீயும் எதுவும் பண்ணல, அத்தானும் எதுவும் பண்ணல" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் அழுதாள். பிறகு அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். மாட்டு மடிநோய்க் கதையை அவரிடம் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பசுக்களோடு வளர்ந்தவர் அவர், "மடிவீக்கமா, அதையா இவ்ளோ பெரிய பேர்ல எழுதியிருக்காங்க?" என்றார். மறுநாள் துண்டும் சோப்பும் பழைய இடத்துக்கே வந்துவிட்டதாக அக்கா சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டாள்: "வலி வரும்போது ஊசி போடணுமா, டாக்டர்?" அவர் கோப்பை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, அட்டையின்மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்பதாம் வாரத்தில் வலி கண்டது. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் முதல் தவணை பெனிசிலின் ஏறியது. நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது. அதன்பின் ஒன்றரை மணியில் பெண் குழந்தை பிறந்தாள். நலமாக இருக்கிறாள். மருந்து இல்லாவிடினும் நலமாகவே பிறந்திருக்கக்கூடும். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அப்படித்தான். அந்த இருவருள் ஒருத்தியாக அவள் இருந்திருப்பாளா என்பதை யாராலும் சொல்ல இயலாது. தடுப்பு மருத்துவத்தின் வெற்றி இப்படித்தான் இருக்கும். நடக்காதது எதுவென்று காட்ட முடியாது.

*

கர்ப்பிணித் தோழியர்க்குச் சில குறிப்புகள். இவை மருத்துவ ஆலோசனை அல்ல. உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்விகள் என்று கொள்ளுங்கள்.

பரிசோதனை செய்வதாயின் 36, 37ஆம் வாரங்களே உரிய காலம். யோனியின் கீழ்ப்பகுதி, மலவாய் இரண்டிலிருந்தும் மாதிரி எடுப்பது முறை. 'பாசிட்டிவ்' என்று வந்தால் அது பால்வினை நோயன்று. யாருடைய நடத்தைக்கும் சான்றன்று. கோப்பின் மேலட்டையில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னதாக முதல் தவணை ஏறினால் காப்பு போதுமானதாகக் கருதப்படும். ஆகவே வலி கண்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீரில் இக்கிருமி காணப்பட்டிருந்தாலும், முந்தைய குழந்தைக்கு இந்நோய் வந்திருந்தாலும், பரிசோதனை செய்யாவிடினும், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வலி தொடங்காமலும் பனிக்குடம் உடையாமலும் திட்டமிட்ட சிசேரியன் எனில் இதற்கென மருந்து பொதுவாகத் தேவைப்படாது. குழந்தை பிறந்து மூன்று மாதம்வரை காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், முனகல் மூச்சு இவற்றில் எது கண்டாலும், பிரசவத்தின்போது மருந்து ஏறியிருந்தாலும்கூட, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரியும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது 'இன்ஃபெக்‌ஷன்' என்பதற்குப் பதிலாக, 'கிருமி தங்கியிருக்கு, நோய் இல்லை. வலி வரும்போது ஊசி போட்டுக்கலாம்' என்று சொல்லுங்கள். மேலும் பொருத்தமான சொல் உங்கள் வார்டில் ஏற்கெனவே வழக்கில் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்து வைக்க விரும்புகிறேன்.